முழங்கால் உயர ஜன்னல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு உன் அம்மா நலம். நானும் நலம், நெற்றியைத் தவிர. காட்டுக்குள் ஜப்பான் பாணியில் நீ கட்டியிருக்கும் ஓய்வு விடுதியில், விருந்தினர்கள் வருவதற்கு முன் பத்து நாள் தங்கிப் பார்த்துக் குறை இருந்தால் எழுதுங்கள் என்றாய். எழுதுகிறேன். நேற்று போனில் நீ போட்ட உத்தரவுக்கும் இதிலேயே பதில்: என் நாற்காலியை அப்புறப்படுத்த முடியாது.

முதல் நாளே வாசலில் நெற்றியை இடித்துக்கொண்டேன். "குனிஞ்சு வரணும்னுதான் சார் இப்படி வச்சிருக்காங்க. பணிவு வருமாம்" என்றார் காவலாளி. முப்பத்தெட்டு வருஷம் நாற்காலிக் கடை நடத்தி, வந்த வாடிக்கையாளர் எல்லோரிடமும் குழைந்தவனுக்கு இன்னும் என்ன பணிவு பாக்கி? சரி என்று உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்தேன். அது சுவரில்லை, தள்ளுகதவு. பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த தச்சரின் மடியில் போய் விழுந்தேன். நல்ல மனிதர், "வாங்க, சாப்பிடுறீங்களா?" என்றார். எழுந்திருக்க இன்னொரு கதவைப் பிடித்தேன். அது காகிதம். என் கை மட்டும் தோட்டத்துக்குப் போய்விட்டது. கிழிசலில் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை ஒட்டியிருக்கிறேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஆனால் எங்கே உட்காருவது? நாலு அறையிலும் தேடினேன், தரை முழுக்கப் பாய்தான், ஒரு முக்காலிகூட இல்லை. என் முழங்கால் மடங்காது என்று உனக்குத் தெரியாதா? என் மகள் கட்டிய வீட்டில் எனக்கு உட்கார இடமில்லையே என்று, மறைப்பானேன், வீம்பு வந்துவிட்டது. அந்த வீம்பில்தான் வீட்டிலிருந்து என் நாற்காலியை வண்டி வைத்து வரவழைத்தேன். காவலாளி அதை மூன்று முறை வெளியே வைத்தார். நான் நான்கு முறை உள்ளே வைத்தேன். "பாயில ஓட்டை விழுது சார்" என்று புலம்புகிறார். விழட்டும்.

அடுத்த குறை, பெரிய அறையின் ஜன்னல். தரையிலிருந்து முழங்கால் உயரம் வரைதான் இருக்கிறது, அதற்குமேல் வெறும் மரச்சுவர். இவ்வளவு பெரிய காட்டுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் எனக்குத் தெரிவது பலகை! தச்சர் உன் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார் என்பது என் முடிவு. "உங்க பொண்ணு குடுத்த அளவுதாங்க" என்று அவர் சாதிக்கிறார். மேலே ஒரு ஜன்னல் அறுத்துவிடும்படி சொன்னேன். உன் அம்மா குறுக்கே வந்து நின்றாள்: "அவ ரெண்டு வருஷம் மண்டைய உடைச்சிக்கிட்டுக் கட்டினது. சுவத்துல கைய வச்சீங்க, நான் தனியா பஸ் ஏறிடுவேன்." ஏறட்டும். நாளைக் காலை எட்டு மணிக்கு ரம்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறேன். நீ போன் செய்தால் எடுக்க மாட்டேன். உன் வீட்டைவிட எனக்கு வயது அதிகம்.

சுவர் போனாலும் அப்பாவுக்கு உன்மேல் கோபமில்லை. எல்லா நலமும் பெற்று, இனிமேலாவது உயரமான வாசல் வைத்து, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
எதற்கும் அசையாத உன் அப்பா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். தச்சர் வந்தார். அறுக்க வேண்டிய இடத்தைப் பென்சிலால் குறிக்கலாம் என்று ஜன்னலருகே குனிந்தேன். முழங்கால் காலை வாரிவிட்டது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணுக்கு நேரே ஓடை. பாசி பிடித்த கல், அதன்மேல் ஒரு தவளை. நின்றுகொண்டிருந்தபோது இதில் ஒன்றுமே தெரியவில்லை. உன் அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அரைமணி நேரம் நாங்கள் சண்டை போடவில்லை. பிறகு இரண்டு பேரையும் தச்சர்தான் தூக்கிவிட்டார். ரம்பத்தோடு வந்தவரைச் சும்மா அனுப்பலாமா? என் நாற்காலியின் நாலு காலையும் அடியோடு அறுத்துக் கொடுத்தார், நான் பிடித்துக்கொண்டேன். இது தோல்வி என்று நினைத்துவிடாதே, நாற்காலி வெளியே போகாது. உன் விருந்தினர்களுக்கு வேறு அறை பார். இந்த ஜன்னலை நான் எடுத்துக்கொண்டேன்.