கிழக்கு காலரியில் ஆறு டிக்கெட்

எனக்குக் கோபம் வந்தால் காது கேட்காது. பெருமைக்காகச் சொல்லவில்லை, இது உண்மையான குறைபாடு. எதிரில் இருப்பவரின் வாய் அசைவது தெரியும், சொல்வது மட்டும் உள்ளே போகாது. எண்பதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் நடந்த ஒரு பிரம்மாண்டமான சினிமாப் பாட்டுக் கச்சேரிக்கு நான் டிக்கெட் வாங்கப் போனபோது என் காது இப்படித்தான் அடைத்திருந்தது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. தென்னூரில் குடியிருந்தோம். ஒரு பெண்கள் பள்ளியில் நான் ஜியாக்ரஃபி டீச்சர். என் கணவர் ஆரோக்கியத்துக்குத் தபால் ஆபீஸில் வேலை. அவருக்குத் தாய் இல்லை. அவரை வளர்த்தது அவருடைய அக்கா லூர்துமேரி. தொட்டியத்தில் வாழைக்காய் மண்டி வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டு போனவர். எனக்கு நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "டீச்சரம்மா" என்பார். அதில் மரியாதை ஒரு சொட்டுக்கூட இருக்காது.

அண்ணி எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு மூன்று வருஷமாக எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. காரணம் ஒரு குரூப் போட்டோ. கோயில் வாசலில் எல்லாரையும் நிறுத்தி எடுத்த அந்தப் படத்தில், போட்டோக்காரர் அண்ணியைக் கடைசி வரிசையில், ஆறடி உயரமுள்ள என் சித்தப்பாவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டார். படத்தில் அண்ணியின் கனகாம்பரம் மட்டும்தான் தெரியும். (நல்ல கனகாம்பரம். கலர் படமாக இருந்திருந்தால் அழகாக இருந்திருக்கும்.) "தம்பியைத் தூக்கி வளத்தவளுக்கு இதான் எடம்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியவர்தான்.

இந்த நிலையில் ஸ்டேடியத்தில் கச்சேரி என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். அன்று சினிமாவில் கொடிகட்டிப் பறந்த இசையமைப்பாளர், எழுபது எண்பது வாத்தியக்காரர்கள். பெயர் வேண்டாம், அவர் மீது எனக்கு வழக்கு இல்லை. என் வழக்கு மேடை போட்டவர்கள் மீது. அண்ணிக்கு அவர் பாட்டு என்றால் உயிர். என் கணவர் தயங்கித் தயங்கி, "அக்கா குடும்பத்தக் கூப்பிடுவோமா?" என்றார். "கூப்பிடுங்க. இந்தத் தடவை உங்க அக்காவை முதல் வரிசையில உக்கார வைக்கிறேனா இல்லையா பாருங்க" என்றேன்.

இதில்தான் என் படிப்பு குறுக்கே வந்தது.

டிக்கெட் விற்ற கடையில் ஸ்டேடியத்தின் பிளான் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்து என் டைரியில் வரைந்துகொண்டு வந்தேன். மைதானத்தின் நடுவில் ஒரு கட்டம், அதில் "மேடை" என்று எழுத்து. மேற்கே கூரை போட்ட பெவிலியனும் அதன் முன்னால் நாற்காலிகளும். கிழக்கே திறந்த காலரி. மேடையிலிருந்து கிழக்கு நோக்கி ஓர் அம்புக்குறி. பாடகர்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்பார்கள் என்று யாரும் எழுதவில்லை. எழுதாவிட்டால் என்ன, எனக்குத் தெரியாதா?

ஸ்டாஃப் ரூம் கரும்பலகையில் வரைந்து விளக்கினேன். மாலைக் கச்சேரி. மேற்கு பார்த்து மேடை போட்டால் பாடுகிறவர்கள் கண்ணில் வெயில் அடிக்கும். எனவே மேடை கிழக்கு பார்த்துத்தான் இருக்கும். இது ஆனி மாதம், காற்று மேற்கிலிருந்து வீசும், சத்தத்தைக் கிழக்கே கொண்டுபோகும். அம்புக்குறியும் கிழக்கே காட்டுகிறது. ஆகவே கிழக்கு காலரி, முதல் வரிசை, நடு இடம். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் மேத்ஸ் டீச்சர் ரங்கநாயகி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பெரிய மனுஷாள்லாம் பெவிலியன்ல உக்காருவாளோன்னோ பிலோமினா?" என்றாள். "சூரியன் பெரிய மனுஷங்களைக் கேட்டு மறையறதில்ல" என்றேன். (இந்த வாக்கியத்தை அன்று மூன்று பேரிடம் திரும்பச் சொன்னேன். அவ்வளவு பிடித்திருந்தது.)

சனிக்கிழமை டிக்கெட் கடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றேன். பாதியில் கவுண்டர்காரர் டீ குடிக்கப் போனார். அவர் திரும்புவதற்குள் ஒரு ஆள் வரிசையில் என் முன்னால் புகுந்தான். கேட்டதற்கு "நான் அப்பவே நின்னேங்க" என்றான். என் முறை வந்தபோது காது சுத்தமாக அடைத்துவிட்டது.

"ஈஸ்ட் காலரி, முதல் வரிசை, நடுவுல ஆறு டிக்கெட்."

"ஈஸ்ட் காலரியா? மேடம், அது வந்துங்க..."

"வந்து போயின்னு இழுக்காதீங்க. ஒரு மணி நேரமா நிக்கிறேன்."

"இல்லீங்க, மேடை பாத்தீங்கன்னா..."

"நான் ஜியாக்ரஃபி டீச்சர். எனக்கு மேப் பார்க்கத் தெரியும். கிழிங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆறு டிக்கெட்டைக் கிழித்தார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அண்ணி, அவர் கணவர் (நான் அண்ணன் என்பேன்), அவர்களுடைய இரண்டு பிள்ளைகள் ஆகியோர் தொட்டியத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அண்ணி மாம்பழ நிறப் பட்டு உடுத்தியிருந்தார். வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் பஸ் ஸ்டாண்டிலிருந்தே நேராக ஸ்டேடியத்துக்குப் போனோம். அண்ணன் கையில் ஒரு சீப்பு பூவன் பழம். அவர் அதிகம் பேசமாட்டார், பழம்தான் கொடுப்பார்.

நாலரை மணிக்கே உள்ளே போய்விட்டோம். கிழக்கு காலரியில் எங்களைத் தவிர பத்து இருபது பேர்தான். "பாத்தீங்களா அண்ணி, கூட்டமே இல்ல. விஷயம் தெரிஞ்சவங்க மட்டும்தான் இந்தப் பக்கம் வாங்குவாங்க" என்றேன். எங்கள் எதிரில் மேடை. ஆனால் மேடை முழுவதையும் ஒரு கறுப்புத் துணி மறைத்திருந்தது.

"என்ன டீச்சரம்மா, ஒண்ணும் தெரியலியே?"

"திரை அண்ணி. ஆரம்பிக்கும்போது விலக்குவாங்க."

மேற்கு வெயில் எங்கள் கண்ணில் நேராக அடித்தது. பாடகர்களின் கண்ணைப் பற்றிக் கவலைப்பட்ட நான், எங்கள் ஆறு பேருக்கும் கண் இருப்பதை மறந்திருந்தேன். என் கணவர் கைக்குட்டையால் நெற்றியை மறைத்துக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "பிலோ, ஜனங்க எல்லாம் அந்தப் பக்கம் போறாங்க."

"போகட்டும். ஏமாந்து போகட்டும்."

ஆறு மணிக்கு மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு பெரும் ஆரவாரம் எழுந்தது. கைதட்டல், விசில். அதன் பிறகு தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல, "வணக்கம்" என்று ஒரு குரல். துணி விலகவில்லை. அதே நேரம் மேடைக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த ஜெனரேட்டரைப் போட்டார்கள். தடதடவென்று அது அலற ஆரம்பித்தது. என் காற்றுக் கணக்கு மட்டும் சரியாக இருந்தது. மேற்கிலிருந்து வீசிய காற்று டீசல் புகை அத்தனையையும் கொண்டுவந்து எங்கள் மீது கொட்டியது.

பக்கத்தில் துண்டை விரித்துப் படுத்திருந்த ஒருவரை எழுப்பிக் கேட்டேன். "ஏங்க, திரையை எப்பங்க விலக்குவாங்க?"

"அது திரை இல்லம்மா, முதுகு. அந்தப் பக்கம் பாத்துதான் பாடுவாங்க. கலெக்டர், மினிஸ்டர் எல்லாம் அங்கதான உக்காந்திருக்காங்க."

"அப்ப நீங்க ஏன் இங்க டிக்கெட் வாங்கினீங்க?"

"காத்து வாங்க வந்தேன்மா" என்று திரும்பிப் படுத்தார்.

அம்புக்குறி? அது கலைஞர்களின் கார் வரும் வழி. எங்கள் காலுக்குக் கீழே இருந்த கேட் வழியாகத்தான் கார்கள் வந்து போய்க்கொண்டிருந்தன.

அண்ணி மெதுவாக எழுந்து நின்றார். "கல்யாண போட்டோவுல என் மூஞ்சி ஊருக்குத் தெரியல. இன்னைக்குப் பாடுறவங்க மூஞ்சி எனக்குத் தெரியல. என்னைப் பின்னாடியே நிக்க வைக்கணும்னு நேர்ந்துக்கிட்டியா டீச்சரம்மா? டேய் ஆரோக்கியம், இவ திட்டம் போட்டுச் செய்யிறாடா!"

என் கணவர் கைக்குட்டையை நாலாக மடிப்பதில் மும்முரமானார். அண்ணன் ஒரு பழத்தை உரித்து என்னிடம் நீட்டினார். அந்த நேரத்தில் பழம்! எனக்கு யார் மீது கோபம் என்றே தெரியவில்லை. பிளான் போட்டவன் மீது, கவுண்டர்காரர் மீது, கலெக்டர் மீது, பேசாமல் இருக்கும் புருஷன் மீது. என் மீது மட்டும் வரவில்லை. அது வர இன்னும் இரண்டு நாள் இருந்தது.

படியிறங்கி ஓடினேன். தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் பேட்ஜ் குத்திய ஒரு தொண்டர் நின்றிருந்தார்.

"மேடையைத் திருப்புங்க!" என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். கோபத்தில் வந்த முதல் வாக்கியம் அது.

அவர் மேடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அதைத் திருப்ப முடியாதுங்க. நீங்க வேணா திரும்பிக்குங்க."

அவரைத் தள்ளிவிட்டு மேடையின் பின்பக்கம் போனேன். பொறுப்பான ஆள் யாரென்று கண்டுபிடித்து நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்ற வேகம். மேடைப் படியருகில் கையில் காகிதத்துடன் ஒருவர் பதறிக்கொண்டிருந்தார். பட்டுச் சேலையும் கோபமுமாக வந்த என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா? கோரஸ்ல ஒரு ஆள் கொறையுதுன்னு உயிரை எடுக்கிறாங்க. ஏறுங்க, ஏறுங்க!"

"நான் கம்ப்ளெயின்ட் பண்ண வந்திருக்கேன்!"

ஜெனரேட்டர் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்கவில்லை. கையைப் பிடித்து ஏற்றி, துணியை விலக்கி, முதுகில் கை வைத்து உள்ளே அனுப்பிவிட்டார்.

ஒரே வெளிச்சம். அதற்கு அப்பால் தலைகள், தலைகள், தலைகள். திருச்சி முழுவதும் என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. எனக்கு இரண்டு பக்கமும் பட்டுச்சேலை கட்டிய பெண்கள் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்திலிருந்த பெண் உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"புதுசா? மேல் ஸ்தாயியா, கீழ் ஸ்தாயியா?"

"ஜியாக்ரஃபி" என்றேன்.

அதற்குள் கோரஸுக்கு இடம் வந்துவிட்டது. எல்லாரும் "ஆ..." என்றார்கள். வாயை மட்டும் திறந்து மூடியிருந்தால் தப்பித்திருப்பேன். (எங்கள் பங்குச் சாமியார் என்னைக் கோயில் பாடல்குழுவிலிருந்து மிகவும் அன்பாக விலக்கியவர்.) ஆனால் அடக்கி வைத்திருந்த ஆத்திரம் எல்லாம் அந்த "ஆ"வில் சேர்ந்து வெளியே வந்தது. முன்வரிசை வயலின்காரர் வில்லை நிறுத்திவிட்டுத் திரும்பினார். பாட்டை நடத்திக்கொண்டிருந்த அந்த இசையமைப்பாளரும் திரும்பினார். அரை நொடிதான். அந்தப் பார்வையைப் பற்றி இன்றுவரை நான் யாரிடமும் விவரித்ததில்லை, இங்கேயும் விவரிக்கப் போவதில்லை.

பாட்டு முடிந்ததும் என்னைக் கீழே இறக்கினார்கள். "யாருங்க நீங்க?" என்றார் காகிதக்காரர். "ஈஸ்ட் காலரியில ஆறு டிக்கெட் வாங்கினவ!" என்று நான் கத்த, அவர் ஒரு பெண் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். அந்தம்மா என் முழங்கையைப் பிடித்து மைதானத்தின் குறுக்கே கிழக்கு காலரிக்கு நடத்திக்கொண்டு வந்தார். என் பள்ளிக்கூடம், என் வேலை, என் மானம் எல்லாம் அந்த முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தன.

மாம்பழ நிறப் பட்டு ஒன்று படிகளில் தடதடவென்று இறங்கி வருவது தெரிந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

"யார் மேல கையை வைக்கிற?" என்றார் அண்ணி, போலீஸிடம். "எங்க வீட்டுப் பொண்ணு அவ. பிலோமினா டீச்சர்னு தென்னூர்ல போய்க் கேளு. மேடையைத் தப்பாப் போட்டது நீங்க. கேக்க வந்த பொண்ணைப் புடிச்சிக்கிட்டு வருவியா? எடு கையை!"

"நான் எங்கம்மா மேடை போட்டேன்?" என்றார் அந்தப் போலீஸ் பெண் பரிதாபமாக. கையை எடுத்துவிட்டார்.

அண்ணி அவரை விடவில்லை. கால் மணி நேரம் திட்டினார். நானும் சேர்ந்துகொண்டேன். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நான் தொடர்ந்தேன், என் குரல் கம்மும் இடத்தில் அவர் பிடித்துக்கொண்டார். அன்று மாலை ஒழுங்காக அமைந்த கோரஸ் அது ஒன்றுதான். பிறகு ஆறு பேரும் புகைக்குள் உட்கார்ந்து, பூவன் பழத்தைத் தின்றுகொண்டு, கறுப்புத் துணியைப் பார்த்தபடி மீதிக் கச்சேரியையும் கேட்டோம். இரண்டு பாட்டு என்னவென்று புரிந்தது.

அன்று அண்ணி குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். நாலு நாள் தங்கினார். எங்கள் இருவருக்கும் எப்போது சண்டை மூளுமோ என்று என் கணவர் அந்த நாலு நாளும் சமையலறை வாசலை விட்டு நகரவில்லை.

திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் ரங்கநாயகி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, கோரஸ்ல பாடப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே! நாங்க முன்னாடி நடுவுல உக்காந்திருந்தோம். உன்னை நன்னாப் பார்த்தோம்."

"உனக்கு எப்படிடி அந்த சீட் கெடைச்சுது?"

"எது நல்ல சீட்டுன்னு கவுண்டர்ல இருந்தவர்கிட்டயே கேட்டேன். சொன்னார், வாங்கினேன்."

என் மீது எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். இன்னும் முழுதாகப் போகவில்லை.

அந்தக் கறுப்புத் துணிப் பக்கத்துக்குப் பெயர் வைத்தவர் அண்ணன். எங்கள் வீட்டில் முதல் நாள் காலை, தோசையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது பிலோமினா பக்கம்மா, வேகல. திருப்பிப் போடு" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான். அது போதும் என்று நினைத்தாரோ என்னவோ, பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எதற்குப் பின்பக்கம் இருந்தாலும் அது பிலோமினா பக்கம். சட்டையைத் தைத்த டெய்லரிடம் சொன்னார்கள். மண்டியில் வாழைத்தார் இறக்குகிறவர்கள் சொன்னார்கள்.

போன மாதம் ஒரு விசேஷத்துக்குத் தொட்டியம் போயிருந்தேன். அண்ணியின் பேரனைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த பெண் என்னிடம் மெதுவாக வந்து, "பாட்டி, சேலையில பிலோமினா பக்கம் வெளிய தெரியுதுங்க. திருப்பிக் கட்டிக்கிறீங்களா?" என்றாள்.

"அப்படின்னா என்னம்மா?"

"பின்பக்கம்ங்க. இந்த ஊர் வார்த்தை. எனக்கும் வந்த புதுசுல புரியல" என்று சிரித்தாள். நல்ல பெண். சேலையை மாற்ற எனக்கு ஓர் அறையைத் திறந்துவிட்டாள். கதவைச் சாத்தப் போகும்போது கேட்டாள், "எல்லாரும் டீச்சர், டீச்சர்னே சொல்றாங்க. உங்க பேரு என்னங்க பாட்டி?"

பக்கத்து அறைக் கட்டிலில் படுத்திருந்த அண்ணி, எண்பது வயதில், எழுந்து உட்கார்ந்து நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார்.