சரிவில் நின்ற கார்

கார் டாஷ்போர்டில் எண்ணெய்க் கூஜா போல ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் இன்ஜின் ஆயிலின் அளவு குறைந்துவிட்டது என்று மனித குலம் நம்பி வருகிறது. வருந்தத்தக்க நம்பிக்கை. அந்த விளக்கு சொல்வது ஆயிலின் அழுத்தத்தை, அளவை அல்ல. அளவு வேண்டுமென்றால், அந்த வசதி உள்ள வண்டிகளில், திரையில் தனியாகத் தேட வேண்டும். அதற்கும் வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சரிவில் நின்றால் 'அளவு தெரியவில்லை' என்று திரை கைவிரித்துவிடும்.

இந்தக் கடைசி விஷயம்தான் நூலகருக்குத் தேனாக இனித்தது.

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும். மச்சான் தங்கமானவர், வாய்தான் ஓயாது. போன மாதம் தன் சிறுநீரகக் கல்லின் வரலாற்றை மதியச் சாப்பாட்டில் தொடங்கி இருட்டும்வரை சொன்னார். இந்த ஞாயிறாவது யார் உடம்புக்குள்ளும் போகாமல் வீட்டில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பது நூலகரின் ஆசை. சனிக்கிழமை மாலையே காரை வாசல் சரிவில், மூக்கு வானத்தைப் பார்க்க நிறுத்திவிட்டார்.

காலையில் மனைவியை முன்சீட்டில் உட்காரவைத்துத் திரையைக் காட்டினார். முகத்தில் துக்கம் விசாரிக்க வந்தவரின் களை.

"அளவே தெரியலை. இதை நம்பி அவ்வளவு தூரம் எப்படிப் போறது?"

அவள் இறங்கினாள். பானெட்டைத் திறந்து, ஆயில் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தாள். வேண்டிய அளவு இருக்கிறது என்றாள். சரிவில் அந்தக் குச்சியும் பொய் சொல்லும் என்று நூலகர் விளக்கினார். தெருமுனைச் சமதரைக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாமே என்றாள். அளவு தெரியாமல் இன்ஜினைக் கிளப்புவது மகாபாவம் என்றார்.

"அப்ப ஆயில் அளவு தெரியாத வண்டியை எடுக்கவே கூடாதுங்கறீங்க?"

"எடுக்கவே கூடாது."

"இவ்வளவு படிச்சவர் சொன்னா சரியாத்தாங்க இருக்கும்."

சண்டையில்லாமல் உள்ளே போய்விட்டாள். நூலகர் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுப் புத்தகத்தை விரித்தார். முதல் பக்கம் முடிவதற்குள் கையில் போனுடன் வந்து நின்றாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டேங்க. பாவம், பதறிப் போயிட்டாரு. சமைச்சதை எல்லாம் கட்டி எடுத்துக்கிட்டு அவங்களே இங்க வராங்களாம்."

நூலகர் புத்தகத்தை மெல்ல மூடினார். "சாயங்காலம் கிளம்பிடுவாங்கல்ல?"

"எப்படிங்க? அவர் வண்டியும் நம்ம வாசல் சரிவுலதானே நிக்கும். ஆயில் அளவு தெரியாம எங்க அண்ணனை அனுப்பிடுவேனா?"

மச்சான் புதன்கிழமைவரை இருந்தார். நூலகர் வேலைக்குப் பஸ்ஸில் போய்வந்தார்.