வள்ளியாத்தாளுக்கு ஒரு நல்ல படம்

தன் மனைவி ரேஷன் கார்டு முகத்தோடு ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று குப்பண்ணன் முடிவு செய்தார்.

கொழிஞ்சாம்பாறையில் ஒருவர் கண்ணை மூடினால், மாலை வந்து சேருமுன்னே பஸ் ஸ்டாப்பில் ஃப்ளெக்ஸ் ஏறிவிடும். குப்பண்ணனின் அண்ணன் இறந்தபோது, ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி, திருடன் போல விழிக்கும் ஒரு முகத்தை மழையில் நிற்கவைத்தார்கள். வள்ளியாத்தாளுக்கு அது வேண்டாம். பாலக்காட்டு டாக்டர் அவரை மட்டும் உள்ளே அழைத்து, இந்த மழைக்காலம் தாண்டுவதே கஷ்டம் என்றிருந்தார். வெளியே வந்து அவளிடம், "வாயுத் தொல்லைதானாம்" என்றார். மறுநாளே பொள்ளாச்சி பஸ் ஏறி, புதிதாகப் பழகுகிறவர்களுக்கென்று விற்கும் பெரிய கேமரா ஒன்றை வாங்கி வந்தார்.

"ஏனுங்க, இதென்ன, மருந்தடிக்கிற மெஷினா?"

"கேமரா, புள்ள. மயிலப் படம் புடிக்கப் போறேன்."

"தென்னங்குருத்தத் தின்ன வண்டே உங்க கண்ணுக்குத் தெரியல. மயிலு வந்து நிக்குமாக்கும்!"

"அதான் மொதல்ல உன்னைய வெச்சுப் பழகறேன்."

"நானு பறக்கமாட்டேன்னா?"

அன்றிலிருந்து காலை வெயிலில் அவளை வாசலில் உட்காரவைத்து, லென்ஸைத் திருகித் திருகி எடுத்தார். அமுக்கியதும் கேமராவின் பின்பக்கத் திரையில் அவள் முகம் தெரியும். உடனே மறைந்துவிடும். உள்ளே பத்திரமாகப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வார்.

"கொஞ்சம் சிரி, புள்ள."

"எதுக்குங்க?"

அவர் லென்ஸை இன்னும் கொஞ்சம் திருகினார். அவள் காதோரம் ஒரு மச்சம் இருந்தது. இத்தனை காலம் அது எங்கே இருந்தது? வளையல் முழங்கைவரை நழுவியதையும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்.

மழை பிடித்ததும் படம் போட்டு வாங்க ஸ்டூடியோவுக்குப் போனார். கடைக்காரி ஜெஸ்னா கேமராவைத் திறந்தாள்.

"அண்ணா, இதுல மெமரி கார்டே இல்லையே! கார்டு இல்லாம அமுக்கினா படம் சும்மா காட்டிட்டுப் போயிரும்."

நனைந்துகொண்டே வீடு திரும்பினார். கட்டிலில் கிடந்த வள்ளியாத்தாள் மாத்திரை டப்பாவைத் திறந்து, அந்தச் சின்னக் கார்டை நீட்டினாள்.

"வாங்கி வந்த அன்னைக்கே நம்ம தமிழ்ப்ரியாகிட்டப் போன்ல கேட்டுக் கழட்டிட்டனுங்க."

"பெத்த புள்ளையும் கூட்டா! ஏம் புள்ள இப்படிப் பண்ணினே?"

"படம் கெடச்சா என்னையப் பாக்கறத நிறுத்திருவீங்கல்ல? கட்டிட்டு வந்ததுலயிருந்து இப்பத்தான் என்ற மூஞ்சிய முழுசாப் பாத்திருக்கறீங்க."

"டாக்டரு…"

"வாயுன்னு சொல்லிப்போட்டுக் கண்ணத் தொடச்சீங்களே, அது எந்த ஊரு வாயுங்க?"

கார்டைச் செருகிக் கேமராவைத் தூக்கினார். கண்ணில் தண்ணீர், அவள் முகம் கலங்கித் தெரிந்தது. விரல் தவறி வேறு பொத்தானில் பட்டது. திரையில் ஒரு படம் வந்தது, வந்தது மறையவில்லை. பகல் தூக்கத்தில் வாயைத் திறந்தபடி அவரேதான் கிடந்தார்.

"அத அழிச்சுராதீங்க. நீங்க தூங்கறப்ப கார்டப் போட்டு நான் எடுத்ததுங்க. நான் போயிட்டா உங்களுக்கு ஆரு படம் புடிப்பாங்க? ஃப்ளெக்ஸுக்கு அது போதும், வாய மட்டும் ஜெஸ்னாகிட்டச் சொல்லி மூடிக்கோங்க."