ஏழு நாள் துறவு

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. அடுப்படியில் என் பெண்டாட்டி புவாகம் இருக்கிறாள். நான் மூச்சு விட்டால் அவளுக்குக் கேட்கும். பெருமூச்சு விட்டால் காரணம் கேட்பாள்.

என் பெயர் இன்பெங். மேகோங் ஆற்றில் படகு விடுகிறவன். வெறும் படகோட்டி என்று நினைத்துவிடாதீர்கள், வழிகாட்டி. லுவாங் பிரபாங் டவுனில் இருக்கிற சுற்றுலாக் கம்பெனி வெளிநாட்டுக்காரர்களை எட்டு எட்டுப் பேராக அனுப்பும். எட்டுக்கு மேல் ஒரு தலை ஏறாது. அவர்களைக் கோயில் கோயிலாக, ஆற்றங்கரை ஊர் ஊராகக் கூட்டிப்போய், கதை சொல்லி, சோறு போட்டு, பொழுது சாய்வதற்குள் டவுனில் இறக்கிவிட வேண்டும். இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் வழி காட்டியவன். வீட்டுக்குள் மட்டும் வழி விட்டு ஒதுங்கி நிற்பேன்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் மேல் ஊரில் மத்தியானச் சாப்பாடு போடுகிற அம்மாவுக்குக் காய்ச்சல். சமைக்கப் புவாகம் படகில் ஏறினாள். அவ்வளவுதான், வந்தது வினை.

முதல் கோயிலில் நான் வழக்கம்போல இரண்டு கையையும் விரித்து, "இந்தக் கோயிலுக்கு வயசு ஆயிரம்" என்றேன். எட்டுப் பேரும் வாயைப் பிளந்தார்கள்.

பின்னாலிருந்து ஒரு குரல். "எங்கப்பா மணல் சுமந்து கட்டின கோயில் இது. அவருக்கே எண்பதுதான்."

புவாகம் சந்தையில் நெசவுத் துணி விற்றவள். வெளிநாட்டுப் பேச்சு என்னைவிட அவளுக்கு நன்றாக வரும். எட்டுப் பேரும் சிரித்தார்கள். கைகூடத் தட்டினார்கள். அதோடு விட்டாளா? மேல் ஊரில் அவர்களை அடுப்படிக்குள்ளேயே கூட்டிப்போய், ஆற்றுப் பாசியைத் தட்டி, எள் தூவி, பாயில் வடாம் போடச் சொல்லிக்கொடுத்தாள். வெளியே வரமாட்டேன் என்றார்கள். நான் படகில் தனியாக உட்கார்ந்து கொசுவுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கம்பெனிக்காரர் விலாய் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, அடுத்த வாரம் ரெண்டு குழு வருது. நீங்களே முன்னாடி நின்னு கூட்டிட்டுப் போய்ப் பாருங்களேன். சரியா வந்துச்சுன்னா மழைக்கு அப்புறம் வர்ற குழுவெல்லாம் உங்களுக்குத்தான். அண்ணன் பின்னாடி படகை ஓட்டட்டும்."

அண்ணன் பின்னாடி. கேட்டீர்களா?

அன்றைக்கு முழுக்க யோசித்தேன். வேண்டாம் என்று அவளிடம் சொல்ல முடியாது. சொல்லிப் பார்த்தவன் இந்த ஊரில் இல்லை. அவள் தானாகவே போக முடியாதபடி ஏதாவது ஆகவேண்டும். யோசித்து யோசித்து, கடைசியில் புத்தரே கைகொடுத்தார்.

எங்கள் பக்கம் ஓர் ஆண்பிள்ளை செத்துப்போன தாய்க்குப் புண்ணியம் சேரக் கொஞ்ச நாள் காவி கட்டலாம். ஏழு நாள், பதினைந்து நாள், அவனவன் வசதி. புருஷன் மடத்தில் இருந்தால் பெண்டாட்டி விடியற்காலம் எழுந்து பிட்சை போட வேண்டும், உச்சிப் பொழுதுக்குள் மடத்துக்குச் சோறு கொண்டுவர வேண்டும். அப்படிப்பட்டவள் விடியற்காலம் கிளம்புகிற படகில் எங்கே ஏறுவது? ஏழு நாளில் இரண்டு குழுவும் வந்து போய்விடும். விலாயும் மறந்துவிடுவார். மேலும் பாருங்கள், காவி கட்டியவனிடம் பெண்டாட்டி மண்டியிட்டுக் கைகூப்பித்தான் பேச வேண்டும். இருபத்தெட்டு வருஷத்தில் எனக்கு ஏழு நாள் அந்தப் பாக்கியம் கிடைத்தால் என்ன குறைந்துவிடும்?

மிளகாய் இடித்துக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"புவாகம், அம்மா கனவுல வந்தாங்க."

"என்னவாம்? நான் வெச்ச குழம்புல உப்பு இல்லையாமா?"

"காவி கட்டச் சொன்னாங்க. ஏழு நாள்."

உலக்கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"பிம் அப்பா," என்றாள். பிம் எங்கள் மகள், வியன்தியனில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். "உங்க வாயில இப்படி ஒரு வார்த்தை வரும்னு நான் நெனச்சே பாக்கல. எனக்கு வேற என்ன வேணும்?"

அந்தக் கண்ணீரில் விழுந்தவன்தான் நான். அவள் கையில் இருந்தது மிளகாய் என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

எனக்கும் கணக்குத் தெரியும். எட்டாம் மாசப் பௌர்ணமிக்கு மறுநாள் மழைநோன்பு தொடங்கிவிடும். தொடங்கிவிட்டால் காவி கட்டியவன் மூன்று மாசம் மடத்தை விட்டு இறங்கமாட்டான். அதற்கு நாலு நாள் முன்னாலேயே வெளியே வந்துவிடுகிற மாதிரிதான் நாள் குறித்தேன்.

"நாளைக்கே தலை மழிச்சிடலாம்" என்றேன்.

"நாளைக்குப் புதன். புதன்கிழமை யாராவது முடி எடுப்பாங்களா?"

"அப்போ வியாழன்."

"எங்கம்மா கீழ் ஊர்லேருந்து வரவேணாமா? மாப்பிள்ளை காவி கட்டறதைப் பாக்காம அவங்க கண்ணை மூடிட்டாங்கன்னா அந்தப் பாவம் யாருக்கு?"

"அவங்க வந்ததும் வெச்சுக்கலாமா?"

"காவித் துணியை நானே தைக்கணும் பிம் அப்பா. கடைத் துணிக்குப் புண்ணியம் பாதிதான்."

நல்ல காரியத்தில் எப்படி மறுத்துப் பேசுவது? ஐந்து நாள் நழுவியது. நான் ஏழு நாளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த ஏழு எங்கே போய் முடிகிறது என்பதை எண்ணவில்லை. எப்படியும் மடத்துத் தலைவர் பெரிய சாமியிடம் ஏழு என்று சொல்லியாகிவிட்டது, அவர் விட்டுவிடுவார் என்று ஒரு மெத்தனம்.

காவி கட்டுவதற்கு முன்னால் வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்கிற சடங்கு உண்டு. தட்டில் பூவும் மெழுகுவத்தியும் வைத்துக்கொண்டு புவாகம் முன்னால் உட்கார்ந்தேன். ஊரே சுற்றி நின்றது.

"அறிஞ்சும் அறியாமலும் நான் செஞ்ச குத்தத்தை மன்னிச்சிடு."

"எந்தக் குத்தம்?"

"பொதுவா."

"பொதுவான்னா எப்படி? அறிஞ்சு செஞ்சதை மட்டும் ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. அறியாம செஞ்சதை நான் சொல்றேன்."

மெழுகுவத்தி அணைந்து, வேறு ஏற்றி, அதுவும் பாதிக்கு வந்த பிறகுதான் மன்னித்தாள்.

ஊர்வலத்தில் பக்கத்து வீட்டுக்காரன் கேட்டான். "எத்தனை நாள் அண்ணே?"

கொட்டுச் சத்தம், தலைக்கு மேல் குடை, கையில் தாமரை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "பெத்தவளுக்குச் செய்யறதுல நாள் கணக்குப் பாக்கறதாடா?" என்றேன். எல்லாரும் "சாது, சாது" என்று புண்ணிய வாழ்த்துச் சொன்னார்கள். என் மாமியார் குரல் எல்லாருக்கும் மேலே.

முதல் இரண்டு நாள் பரவாயில்லை. உச்சிக்கு மேல் சோறு கிடையாது என்பதைத் தவிர வேறு குறையில்லை. குழு டவுனிலேயே கிடக்கும், புவாகம் அடுப்படியிலேயே கிடப்பாள் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் விடியற்காலம். பிட்சைப் பாத்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, வரிசையில் கடைசி ஆளாக ஆற்றங்கரைத் தெருவில் வந்துகொண்டிருந்தேன். பிட்சைக்குப் போகிறவன் பேசக்கூடாது. நிமிர்ந்து பார்க்கக்கூடாது. கீழே பார்த்துக்கொண்டே வந்தவன் கண்ணில் பாய் ஒன்று பட்டது. பாயில் பதினாறு முழங்கால். எல்லாம் வெளிநாட்டு முழங்கால். பக்கத்தில் பட்டுப் பாவாடையோடு மண்டியிட்டிருந்த இரண்டு முழங்காலும் எனக்குத் தெரிந்த முழங்கால்.

குழுவையே பிட்சை போடக் கூட்டிவந்துவிட்டாள். எனக்குச் சோறு போட்ட மாதிரியும் ஆச்சு, எட்டுப் பேருக்குக் காட்சி காட்டின மாதிரியும் ஆச்சு.

"யாரும் பேசாதீங்க," என்று அவர்களிடம் கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுப்பு அக்கரைக்குக் கேட்கும். "சாமி மேல கை படக்கூடாது. கடைசியா வர்றாரே, தொப்பை வெச்ச சாமி, அவர் புதுசு. முன்னாடி வழிகாட்டியா இருந்தவரு. பொய் நிறையச் சொல்வாரு. இப்போ பொய் சொல்றதில்லைன்னு விரதம் எடுத்திருக்காரு."

மஞ்சள் தலைக்காரர் ஒருவர் கேட்டார். "நீங்க இப்படிச் சொல்றீங்களே, அவருக்குக் கோபம் வராதா?"

"வரக்கூடாது. அதுவும் விரதத்துல இருக்கு."

நான் பாத்திரத்தின் மூடியைத் திறந்து நின்றேன். ஒவ்வொருவரும் ஒரு கை ஒட்டரிசிச் சோறும் ஒரு வாழை இலைப் பொட்டலமும் போட்டார்கள். மடத்துக்குப் போய்ப் பிரித்தேன். கசப்பு மூங்கில் குருத்து. கல்யாணமான நாளிலிருந்து நான் தொடாத பண்டம். எட்டுப் பேர், எட்டுப் பொட்டலம். பாத்திரத்தில் விழுந்ததைப் பிக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

ஐந்தாம் நாள் பௌர்ணமி. பெரிய சாமியிடம் போனேன். சின்ன வயசில் நானும் அவரும் ஒன்றாக எருமை குளிப்பாட்டியவர்கள்.

"பெரிய சாமி, இன்னும் ரெண்டு நாள்ல ஏழு ஆயிடும். அதோட காவியைக் கழட்டிடலாமில்ல?"

"நாளைக்கு நோன்பு தொடங்குதே. மண்டபத்துல எல்லாரும் மூணு மாசம் இங்கேயே இருக்கேன்னு உறுதி சொல்லணும். உனக்கு இஷ்டமில்லைன்னா இன்னைக்கே கழட்டிடு. நான் பிடிச்சு வெக்கல."

இன்றைக்கேவா? முற்றத்தைப் பார்த்தேன். பௌர்ணமிக்கு ஊரே அங்கேதான் இருந்தது. நடுவில் மாமியார். "நாள் கணக்கே பாக்கமாட்டேன்னுட்டாரு எங்க மாப்பிள்ளை" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பேருக்கு நடுவில் ஐந்தாம் நாளே வேட்டி கட்டிக்கொண்டு இறங்கி நடந்தால், அதற்குப் பிறகு நான் நடக்க வேறு ஊர்தான் பார்க்க வேண்டும்.

ஒரு யோசனை தோன்றியது. உறுதியை எல்லாரும் சேர்ந்துதானே சொல்வார்கள்? வாயை மட்டும் அசைப்போம். சொல்லாத உறுதி எப்படிக் கட்டும்? ஏழாம் நாள் கூட்டம் கலைந்த பிறகு சத்தமில்லாமல் இறங்கிவிடலாம்.

மறுநாள் மண்டபம். பிக்குகள் எல்லாரும் கைகூப்பி உறுதி சொன்னார்கள். நான் வாயைக் கெண்டை மீன் மாதிரி அழகாக அசைத்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து மாமியார் குரல். "புவா, மாப்பிள்ளை வாய் அசையுது, சத்தம் வரல. எனக்குத்தான் காது போயிடுச்சா?"

"இல்லம்மா. எனக்கும் கேக்கல."

"கேக்கலேன்னா புண்ணியம் எப்படி வரும்? இதுக்குத்தான் கீழ் ஊர்லேருந்து படகேறி வந்தேனா?"

பெரிய சாமி ஒரு கண்ணைத் திறந்தார். "புதுச் சாமி மட்டும் தனியாச் சொல்லட்டும்."

ஊரே என் வாயைப் பார்த்தது. சொன்னேன். ஒரு தரம் இல்லை, முறைப்படி மூன்று தரம். மூன்றாம் தரம் முடிந்ததும் மாமியார் போட்ட "சாது"வில் கூரைப் புறா எல்லாம் பறந்தது.

வெளியே போதி மரத்தடியில் புவாகம் வந்து மண்டியிட்டுக் கைகூப்பினாள். அந்தப் பாக்கியமும் கிடைத்தது.

"புவாகம், உண்மையைச் சொல்லு. இப்படி ஆகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"எது சாமி?"

"மூணு மாசம்."

"தெரியாம இருக்குமா சாமி? மழைக்காலத்துல துணி சீக்கிரம் காயாதுன்னு காவி மூணு ஜோடி தெச்சேனே."

பத்து நாள் கழித்து என் படகு மடத்துப் படித்துறையில் வந்து நின்றது. அவள் அண்ணன் பின்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தான். முன்னால் புவாகம், நடுவில் எட்டுப் பேர். எல்லாரும் ஏறி வந்து என் எதிரில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

"சாமி, ஆசீர்வாதம் வேணும்."

"எந்தக் காரியத்துக்கு?"

"புது வேலைக்கு. விலாய் தம்பி வழிகாட்டி வேலையை எனக்கே உறுதி பண்ணிட்டாரு. மழைக்கு அப்புறம் வர்ற குழுவும் சேர்த்து."

ஆசீர்வாதம் கேட்டு வந்தவருக்குப் பிக்கு இல்லை என்று சொல்லக்கூடாது. சொன்னேன். என் வேலை அவளிடம் செழித்து வளர வேண்டும், நெடுங்காலம் நிலைக்க வேண்டும் என்று என் வாயாலேயே, ராகம் போட்டு, ஒரு சொல் விடாமல் சொன்னேன். சின்னச் செம்பிலிருந்து புண்ணியத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டே அவள் அதைக் கேட்டாள். அந்த எட்டுப் பேரும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள்.

முடிந்ததும் தரையில் நெற்றி பட மூன்று தரம் கும்பிட்டு எழுந்தாள். எட்டுப் பேரையும் படகுக்கு அனுப்பினாள். படித்துறையில் கால் வைத்தவள், என்ன நினைத்தாளோ, திரும்பி வந்து மறுபடி மண்டியிட்டுக் கைகூப்பினாள்.

"சாமி, தப்பா நெனச்சுக்கக் கூடாது. அந்த மூலையில இலை குமிஞ்சு கிடக்கு" என்று சொல்லி, துடைப்பத்தை எடுத்து, என் கையில் படாமல், பக்கத்தில் சாத்தி வைத்துவிட்டுப் படகேறினாள்.