தேவையற்றதை அடித்துவிடவும்

காலை எட்டு பத்துக்கு வந்த முதல் போனை சீல் சார் சிரித்த முகத்தோடுதான் எடுத்தார். எட்டரைக்குள் அதே மாதிரி ஏழு போன் வந்துவிட்டது. முதலில் கூப்பிட்டவர் ஒரு அப்பா.

"சார், என் பையன் நேத்துகூட மதில் ஏறிக் குதிச்சான். அவனுக்கு முதுகெலும்பு வளைஞ்சிருக்காம், எலும்பு டாக்டர்கிட்ட காட்டணுமாம்! வீட்ல ஒருத்தருக்கும் சாப்பாடு இறங்கல."

"உங்க பையனுக்கா? இருக்காதே. மொத்தப் பள்ளிக்கூடத்துலயும் மூணே மூணு பிள்ளைங்களுக்குத்தானே..."

சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் கை கடிதத்தின் நகலைத் தேடியது.

சீல் சார் என்பது பள்ளி குமாஸ்தாவுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். அவருடைய முத்திரை விழாமல் ஒரு காகிதமும் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே போனதில்லை. ஒருமுறை வீட்டுக்காரம்மா எழுதிக் கொடுத்த காய்கறிப் பட்டியலிலேயே ஞாபகமறதியாகக் குத்திவிட்டார். கடைக்காரர் பயந்துபோய் நல்ல தக்காளியாகப் பொறுக்கிப் போட்டாராம்.

நடந்தது இதுதான். போன வாரம் சுகாதார நர்ஸம்மா வந்து, இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் குனியச் சொல்லி, கொத்தனாரின் ரசமட்டம் மாதிரி ஒரு சின்னக் கருவியை முதுகில் வைத்துப் பார்த்து, நோட்டில் அளவு எழுதிக்கொண்டார். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதை வளரும் வயதிலேயே கண்டுபிடித்துவிட்டால் சமாளித்துவிடலாம், விட்டால் பெரிய தொல்லை. மூன்று பிள்ளைகளுக்குச் சந்தேகம் என்றார். வீடுகளுக்குக் கடிதம் அனுப்புவது சீல் சார் பொறுப்பு.

சீல் சார் ஒரே கடிதத்தில் இரண்டு வரி போட்டார். 'தங்கள் பிள்ளையின் முதுகெலும்பு நேராக உள்ளது' என்பது முதல் வரி. 'வளைவு இருக்கலாம், உடனே எலும்பு மருத்துவரிடம் காட்டவும்' என்பது இரண்டாவது. அடியில், 'தேவையற்றதை அடித்துவிடவும்.' மூன்று கடிதத்தில் முதல் வரியை ஸ்கேல் வைத்துக் கவனமாக அடித்தார். மீதி இருநூற்று ஒன்பதுக்கும் யார் உட்கார்ந்து கோடு கிழிப்பது? ஒன்றில் கிழித்து மற்றதையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துவிடலாம் என்று மூளை வேலை செய்தது. ஸ்கேலை வைத்த நேரம் பார்த்துத் தலைமை ஆசிரியை கூப்பிட்டார். போய்விட்டு வந்து கிழித்த கோடு, பழக்கதோஷத்தில் மறுபடியும் முதல் வரி மேலேயே விழுந்தது. அதோடு விட்டாரா? எல்லாவற்றிலும் பளிச்சென்று முத்திரை வேறு.

எட்டாவது போன் அடிப்பதற்குள் பெற்றோர் வாட்ஸப் குழுவுக்கு ஒரு செய்தி தட்டினார்: 'நேற்றைய கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம். எல்லாப் பிள்ளைகளும் நலம்.'

போன் அடங்கியது. ஆயாம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எல்லாரும் நலம்னா, அந்த மூணு பிள்ளைங்களும் சேர்த்தா சார்?" என்றாள்.

சீல் சார் டீயை வைத்துவிட்டுப் போனை எடுத்தார். குழுவைப் பார்த்தால், அந்த மூவரில் ஒருத்தியின் அம்மா கும்பிடும் கைகளோடு பதில் போட்டிருந்தார்: 'ரொம்ப நன்றி சார். டாக்டரைப் பாக்க வேண்டாம்னு விட்டுட்டோம்.'

சீல் சார் பதறிப்போய் அடுத்ததைத் தட்டினார்: 'மேற்படி நலம் மூன்று பிள்ளைகளுக்குப் பொருந்தாது. பெயர்கள் ரகசியம்.'

அவ்வளவுதான். செய்தியைப் பார்த்த ஒவ்வொரு வீட்டிலும், அந்த மூன்றில் ஒன்று நம்முடையதுதான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பத்து மணிக்குப் பள்ளி வாசலில் நிற்க இடமில்லை. ஒரு அப்பா பொறுமையில்லாமல் மகனை நடுத்தெருவில் குனியவைத்துத் தானே முதுகைத் தடவிப் பார்த்தார். அதைப் பார்த்து அடுத்தவரும் குனியவைத்தார். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கப் பிள்ளைகள் குனிந்து நின்றார்கள்.

தலைமை ஆசிரியை அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, சீல் சார் பக்கம் கையை நீட்டினார்.

"முத்திரையக் குடுங்க."

"மேடம், இருபத்திரெண்டு வருஷமா..."

"தெரியும். குடுங்க. விளக்கம் எழுதி வைங்க. இனிமே கடித வேலைய வேற யாராவது பாக்கட்டும்."

முத்திரை தலைமை ஆசிரியையின் மேஜை இழுப்பறைக்குள் போனது. சீல் சாருக்குக் கையே போனது போலிருந்தது. அந்த வெறும் கையால் மூன்று வீடுகளுக்கும் தனித்தனியாகப் போன் போட்டார். டாக்டரை வேண்டாமென்று விட்ட அம்மா திட்டப்போகிறார் என்று போனைக் காதை விட்டுத் தள்ளியே வைத்திருந்தார். அவரோ, "நீங்க கூப்பிடலன்னா இப்படியே விட்டிருப்பேன் சார். நல்லா இருங்க," என்றார். சீல் சாருக்குக் கண் கலங்கிவிட்டது.

நர்ஸம்மா ஆட்டோ பிடித்து ஓடி வந்தார். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, நோட்டை விரித்து, ஒவ்வொருவருக்கும் அவரவர் பிள்ளையின் அளவைச் சொன்னார். மூன்று மணிக்குள் கூட்டம் கரைந்தது. அவரைக் கையெடுத்துக் கும்பிடலாமா என்று சீல் சார் யோசித்தார்.

"ஒரே ஒரு வீட்லேருந்துதான் யாரும் வரல," என்று அலுவலகத்தில் தலைமை ஆசிரியையின் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார் நர்ஸம்மா. "பஸ் டிரைவரோட இரட்டைப் பொண்ணுங்க. ஒருத்தி ஆறு ஏ, ஒருத்தி ஆறு பி. முகந்தான் அச்சா ஒரே மாதிரின்னா, அளவும் அப்படியே. ரெண்டு பேருக்கும் ரெண்டே டிகிரி. நான் எத்தனையோ இரட்டைங்களப் பாத்திருக்கேன், இப்படிப் பாத்ததே இல்ல."

"இன்னிக்கு ரெண்டும் ஸ்கூலுக்கே வரல," என்றார் சீல் சார். "அவர் போனும் அணைஞ்சிருக்கு."

சொல்லி வைத்தாற்போல் வாசலை அடைத்துக்கொண்டு டிரைவர் நின்றார். ஆறடி ஆள். கை இடுக்கில் எக்ஸ்ரே உறை, இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள்.

"லெட்டர் போட்டது யாரு?"

சீல் சார் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். "நான்தான். அது வந்து... ஒரு கோடு தவறி..."

டிரைவர் நாற்காலியோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் தேம்பித் தேம்பி அழுதார்.

"நல்லா இருப்பீங்க சார்! லீவு போட்டு ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போனேன். சின்னவளுக்கு வளைவு இருக்கு. சரியான நேரத்துல வந்தீங்க, பெல்ட் போட்டாலே இதுக்கு மேல வளையாம பாத்துக்கலாம், தாமதிச்சிருந்தா ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு. சாதாப் பேப்பரா இருந்தா அலமாரியில சொருகியிருப்பேன் சார். பளிச்சுனு சீல் குத்தியிருந்துச்சு. அதான் பயந்து ஓடினேன்."

தலைமை ஆசிரியை இழுப்பறையைத் திறந்து, முத்திரையை எடுத்து, சீல் சார் முன்னால் வைத்தார். சீல் சார் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தவறாக விழுந்த அந்தக் கோட்டுக்கும், அந்தப் பெண்ணின் முதுகுக்கும், தன்னைக் கட்டிப்பிடித்து மூச்சுமுட்ட வைத்த மனிதருக்கும் சேர்த்து மனதுக்குள் நன்றி சொன்னார்.

நர்ஸம்மா மட்டும் வெளிறிப்போய் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "எப்படி? என் கையால பாத்தேனே... காலையில ஏ பிரிவு, மத்தியானம் பி பிரிவு. இங்க பாருங்க, ரெண்டு டிகிரி, ரெண்டு டிகிரி. என் கண்ணு கெட்டுப்போச்சா? இத்தனை பிள்ளைங்களப் பாத்து என்ன பிரயோஜனம்?" அவர் குரல் உடைந்தது.

பெரியவள் தங்கையைப் பார்த்தாள். தங்கை தரையைப் பார்த்தாள். பெரியவள் மெல்ல வந்து நர்ஸம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்தாள்.

"அழாதீங்க நர்ஸம்மா, நீங்க சரியாத்தான் பாத்தீங்க. இவளுக்கு முதுகுல கை வச்சா கூச்சம் தாங்காது. அதான், ரெண்டு தடவையும் நானே குனிஞ்சேன்."