கப்டன் இன்னும் கரை சேரவில்லை

கடலில் எஞ்சின் நின்று இழுபடுகிறவனைக் கண்டால் கயிறு எறிய வேண்டும். கதைபேச்சு இல்லாத கோபக்காரன் என்றாலும் எறிய வேண்டும். நெடுந்தீவில் இதை ஒருவரும் சொல்லித்தருவதில்லை, தானாய்த் தெரியும். படம் எடுக்கிறவங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

நான் படம் பார்க்கிற ஆள் இல்லை. ஒரு தொடர் மட்டும்தான். விண்வெளிக் கப்பல் ஓட்டுகிற ஒரு கப்டனின் கதை, மூன்று பாகம், தமிழில் பேசும். கப்டன் கதைக்கமாட்டார், வேலை செய்வார். (உங்களைப் போல என்று என் மனுசி சொல்லுவாள். அது புகழ்ச்சி இல்லை.) மூன்றாம் பாக முடிவில் எஞ்சின் நின்றுவிடும். சுற்றிவர இருட்டு. மனுசன் யன்னலில் டோர்ச் அடித்து அடித்துக் காட்டுவார். அதோடு படம் முடிந்தது.

வருசக்கணக்காய் அந்த டோர்ச் என் தலைக்குள் எரிந்தது.

நாலாவது படம் யாழ்ப்பாணத்துக்கு வந்த அன்று, அங்கேயே மனுசியின் தங்கையின் புதுவீட்டுக் குடிபூரல். பால் காய்ச்சி முடிந்ததும் மச்சான் செல்வத்தை இழுத்துக்கொண்டு தியேட்டருக்கு நழுவினேன். பட்டுவேட்டி, நெற்றியில் சந்தனம்.

"அத்தான், அக்கா தேடுவா."

"தேடட்டும். அங்கை ஒராள் டோர்ச் அடிச்சுக்கொண்டு நிக்கிறார்."

படம் தொடங்கியது. ஒரு சின்னப் பெடியன் அழுதுகொண்டு நின்றான்.

"ஆரடா இது?"

"கப்டன்தான். சின்ன வயசிலை."

பொறுத்தேன். பள்ளிக்கூடம் போனான். நாய் வளர்த்தான். நாய் செத்தது. இடைவேளை விட்டார்கள். அவனுக்கு இன்னும் மீசை முளைக்கவில்லை.

"எப்பயடா வளருவான்?"

"இது முன்கதை அத்தான். கடைசியிலைதான் கப்பலிலை ஏறுவான்."

"அப்ப டோர்ச்?"

செல்வம் கச்சான் கடலை உடைத்தான்.

கடைசியில் பெடியன் கப்பலில் ஏறிச் சிரித்தான். சனம் கைதட்டியது. நான் எழும்பினேன்.

"மனுசன் அங்கை இழுபட்டுக்கொண்டு கிடக்கிறார். நீங்கள் நாய் காட்டுறியளோ? வெக்கமில்லையோ?"

என் வாழ்நாளில் நீளமான பேச்சு அதுதான். எழும்பியது நான் மட்டும். வேட்டி கதிரை ஆணியில் மாட்டி அங்கேயே இருந்துவிட்டது.

அப்போது டோர்ச் வந்தது. கப்டனுடையது இல்லை, தியேட்டர்க்காரனுடையது. நேரே என்மேல்.

"ஐயா, வெளியிலை வாங்கோ."

"அந்தாள் வீடு போய்ச் சேருவாரோ? அதைச் சொல்லும், வாறன்."

"எனக்கெப்பிடித் தெரியும்? முதல் வேட்டியைக் கட்டுங்கோ."

குடிபூரல் வீட்டுப் பந்தியில் செல்வம் ஒன்றும் விடாமல் சொன்னான். ஆணியையும் சொன்னான்.

போன சோளகக் காற்றுக் காலத்தில், நடுக்கடலில் என் வள்ளத்தின் எஞ்சின் நின்றது. போட்டிருந்த சேட்டைக் கழற்றி ஆட்டினேன். செல்வத்தின் வள்ளம் கிட்ட வந்தது. கயிறு கையில் இருந்தது. எறியவில்லை.

"அத்தான், கயிறு பிறகு. முதலிலை நீங்கள் சின்ன வயசிலை நாய் வளர்த்த கதையைச் சொல்லுங்கோ."

"எறியடா."

"நாய்க்கு என்ன பேர்?"

எறிந்தான், சிரித்து முடித்த பிறகு.

இப்போது நான் கரைக்கு வரப் பிந்தினால் மனுசி அயலுக்குச் சொல்லுகிறாள்: "அவர் இன்னும் சின்னப் பெடியன். வளர்ந்து வர நேரம் செல்லும்."

சிரிக்கட்டும். எனக்குக் கயிறு வந்தது. அந்த மனுசனுக்கு இன்னும் ஒருத்தனும் எறியவில்லை.