வால் நரைத்த மிங்க்

அவுஸ்திரேலியாவில் காட்டு மிங்க் கிடையாது. எக்காலத்திலும் இருந்ததில்லை. சிட்னியில் ஓர் அலுவலகக் கோப்பில் மட்டும் ஒன்று இருக்கிறது. அதை அங்கே விட்டவன் நான்.

மிங்க் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: நம் ஊர்க் கீரியை நீந்தப் பழக்கிக் குளிர்நாட்டுக்கு அனுப்பினால் எப்படி இருக்குமோ அப்படியொரு பிராணி. அதன் தோலில் பணக்காரப் பெண்கள் மேலங்கி தைத்துப் போடுவார்கள். (அந்தக் காலத்தில் நீங்கள் என்னிடம் கேட்டிருந்தால் லத்தீன் பெயரில் தொடங்கி அரை மணித்தியாலம் பேசியிருப்பேன். தப்பினீர்கள்.)

எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு இருபத்தைந்து வயது, கையில் விலங்கியல் பட்டம். அப்பா பருத்தித்துறைச் சந்தையில் மீன் விற்றவர். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னர் பள்ளிக்கூடத்துக்குப் போனவர்கள் எல்லாரும் தலைமையாசிரியர் வீட்டுக்கு மீன் கொடுக்கப் போனவர்கள். ஆகவே நான் படித்த படிப்பு மூன்று தலைமுறைக்கும் சேர்த்துப் படித்த படிப்பு. எங்கள் கல்லூரியில் பாலூட்டிகளைப் பற்றி ஒரேயொரு புத்தகந்தான் இருந்தது. இங்கிலாந்தின் விலங்குகளைப் பற்றி ஓர் ஆங்கிலேயர் எழுதியது. அதைத் தேவாரம் போலப் பாடமாக்கினேன். நரி என்றால் எண்பத்தெட்டாம் பக்கம். மிங்க் என்றால் நூற்றிநாற்பத்திரண்டு. இரண்டையும் நான் கண்ணால் கண்டதில்லை. பரீட்சையில் அதை யாரும் கேட்கவுமில்லை.

அந்தப் படிப்பில் இன்னொரு பாடமும் இருந்தது. வாத்தியாரிடம் கேள்வி கேட்கக்கூடாது. கேட்பவன் படிக்காமல் வந்தவன். நான் பதினாறு வருடம் படித்து ஒரு கேள்விகூடக் கேட்காமல் முதல் வகுப்பில் தேறியவன்.

சிட்னியில் ஓர் அலுவலகம் மேற்குப் பக்கத்து ஓடைகளில் வாழும் பிராணிகளைக் கணக்கெடுக்க ஆள் தேடியது. ஆறு வாரம் பரீட்சார்த்த வேலை. அதில் தேறினால் என் மேலதிகாரி மிஸ்டர் டோனவன் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுவார், வேலை நிரந்தரமாகும், நான் இந்த நாட்டில் இருக்கலாம். கடிதம் இல்லையென்றால் விசா முடிந்த கையோடு ஊருக்குப் போய் அப்பாவுக்குப் பக்கத்தில் மீன்கூடைக்கு முன்னால் குந்த வேண்டியதுதான். மூன்று தலைமுறைப் படிப்பும் கூடைக்குப் பின்னால் வந்து நிற்கும்.

முதல் நாளே மிஸ்டர் டோனவன், "ஏதாவது விளங்காவிட்டால் என்னைக் கேள்" என்றார். பரீட்சை தொடங்கிவிட்டது என்று புரிந்துகொண்டேன். ஐந்து வாரம் வாய் திறக்கவில்லை.

ஐந்தாவது வாரம், டூங்காபி ஓடை. பொழுது சாயும் நேரம். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு (ஓடைக்கும் கட்டிக்கொண்டுதான் போவேன்) புல்லுக்குள் உட்கார்ந்திருந்தேன். தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பிராணி எழும்பி வந்து கல்லில் ஏறியது. கையில் ஒரு மட்டி. அதை உடைத்துத் தின்றுவிட்டு முகம் துடைத்தது.

என் மூளைக்குள் நூற்றிநாற்பத்திரண்டாம் பக்கம் தானாகவே திறந்தது. நீண்ட உடல்: சரி. பளபளக்கும் கபில நிற மயிர்: சரி. தட்டையான தலை, சின்னக் காது, மீசை, விரலிடைச் சவ்வு, நீர்க்கரை வாழ்வு: எல்லாம் சரி. வயிறு மட்டும் பொன்னிறமாக இருந்தது. புத்தகத்தில் அப்படி இல்லை. "மாலை வெயில் பட்டது" என்று கொப்பியில் எழுதினேன். வாலின் நுனி தூய வெள்ளை. அதுவும் புத்தகத்தில் இல்லை. கொஞ்சம் யோசித்தேன். பிறகு எழுதினேன்: "வயது முதிர்ந்த மிங்க். வால் நரைத்துள்ளது."

மறுநாளும் போனேன். வேறு இரண்டு வந்தன. இரண்டுக்கும் வால் நுனி வெள்ளை. சாதாரண மனிதன் இந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பான். நான் படித்தவன். "முதியவை கூட்டமாக வாழ்கின்றன" என்று எழுதினேன்.

அரிய பிராணியைக் கண்டால் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது புத்தகத்தின் முன்னுரை. அப்போது நான் மெரிலேண்ட்ஸில் சிவபாலன் அண்ணை வீட்டுப் பின்னறையில் இருந்தேன். அண்ணைக்குச் செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவரையும் அவருடைய மனைவி மலர் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா ஒரு போத்தல் தேநீரும் வடையும் கொண்டுவந்தார். பிராணியும் நேரத்துக்கு வந்தது.

அக்கா ஒரு தரம் பார்த்தார். "தம்பி, உது எலியெல்லே?"

"அக்கா, எலி உவ்வளவு பெரிசா வருமே?"

"கொழும்புத் துறைமுகத்தடியிலை நீர் பாக்கேல்லைப் போலை."

"இது நீந்துது, பாருங்கோ."

"எலி நீந்தும் தம்பி. வெள்ளம் வந்த வரியம் எங்கடை குசினிக்குள்ளை நீந்தித்தான் வந்தது."

"வால் நுனியைப் பாருங்கோ. வெள்ளை."

"அப்ப நுனி வெள்ளை எலி."

அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "சும்மா இரும் மலர். தம்பி படிச்ச பிள்ளை. படிச்சாக்கள் சொன்னா எலியும் மிங்க்தான்." பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாக, "ஏன் தம்பி வால் வெள்ளை?" என்றார்.

"வயசு போட்டுது அண்ணை. நரை."

"நீர் கண்ட மூண்டுக்குமோ?"

"ஓம்."

அண்ணை ஒரு வடையைக் கடித்தபடி ஓடையைப் பார்த்தார். "பாவங்கள். பிள்ளையள் விட்டுட்டுப் போட்டினமாக்கும்."

மிங்க்குக்கு நாடிக்குக் கீழே ஒரு வெள்ளைப் பொட்டு இருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் அக்காவின் வாயை அடைக்கலாம் என்று எட்டிக் குனிந்தேன். கழுத்துப்பட்டியோடு ஓடைக்குள் போய் விழுந்தேன். அந்தப் பிராணி என்னைப் பார்த்தது. மட்டியைத் தின்று முடித்தது. பிறகுதான் போனது.

"பொட்டு இருந்ததோ தம்பி?" என்று கரையிலிருந்து அக்கா கேட்டார்.

அறிக்கை பதினான்கு பக்கம் வந்தது. "நியூ சவுத் வேல்ஸில் முதலாவது காட்டு மிங்க்" என்று தலைப்பு. கோழி வளர்ப்போர் உடனே எச்சரிக்கப்பட வேண்டும், ஓடைக்கு வேலி போட வேண்டும், அமைச்சருக்கு அறிவிக்க வேண்டும் என்று மூன்று சிபாரிசுகள். அதோடு விட்டிருக்கலாம். மிஸ்டர் டோனவன் பார்க்க முதலே பிரதி எடுத்து, அலுவலகத்தில் எல்லார் மேசையிலும் ஒவ்வொன்று வைத்தேன். மேல்மாடிப் பணிப்பாளர் மேசையிலும் ஒன்று. (அப்பாவுக்குக் கடிதமும் போட்டேன். அதை யாரோ வாசித்துக் காட்ட, அவர் சந்தை முழுவதற்கும் சொல்லிவிட்டார். அதைத் திருத்த இரண்டு வருடம் பிடித்தது.)

பத்தரை மணிக்கு எல்லாரும் தேநீர் மேசையடியில் கூடினார்கள். யாரும் பேசவில்லை. என் கண்டுபிடிப்பின் கனம் என்று நினைத்தேன். மிஸ்டர் டோனவன் அறிக்கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் பலகை ஒன்றில் பஞ்சடைத்த பிராணி ஒன்று நின்றது. ஐந்து வாரமாக என் தேநீர்க் கரண்டியை அதன் முதுகில்தான் சாய்த்து வைத்திருந்தேன். அவர் அதைத் தூக்கி, கரண்டியை எடுத்து என் கையில் தந்துவிட்டு, பின்பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

வால் நுனி வெள்ளை.

அடியில் ஒரு சீட்டும் ஒட்டியிருந்தது: "நீர் எலி. சாதாரணம்." நான் அதை வாசித்ததேயில்லை. தேநீர் மேசையில் இருப்பது பாடத்திட்டத்தில் வராது என்று இருந்துவிட்டேன்.

"இது செத்தபோது இதற்கு ஒரு வயது" என்றார் மிஸ்டர் டோனவன். "நரை என்று நினைக்கிறாயா?"

நான் கரண்டியைப் பார்த்தேன்.

"இந்த நாட்டுக்குள் மிங்க்கை யாரும் கொண்டுவர விட்டதில்லை. ஏன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை?"

"கேட்டால், எனக்குத் தெரியாது என்று நினைப்பீர்கள், சேர்."

"தெரியாதுதானே?"

பதினாறு வருடப் படிப்பில் யாரும் என்னை இவ்வளவு சுருக்கமாகத் திருத்தியதில்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியை அடுக்கத் தொடங்கினேன். மலர் அக்கா வாசலில் வந்து நின்றார். "என்ன தம்பி?"

"எலி, அக்கா."

அக்கா சிரிக்கவில்லை. தனியாகச் சிரிப்பது நியாயமில்லை என்று, அண்ணை வேலையால் வரும்வரை அடக்கி வைத்திருந்தார். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து குசினிக்குள் போய், கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தார்கள். மரியாதை தெரிந்தவர்கள்.

மறுநாள் காலை மிஸ்டர் டோனவன் கூப்பிட்டார். அறிக்கை அவர் மேசையில் திறந்து கிடந்தது. கடிதம் இல்லை என்று சொல்லப்போகிறார் என்று நின்றேன்.

"எத்தனை மட்டி, எந்தக் கல், எத்தனை மணிக்கு வரும், முகத்தை எப்படித் துடைக்கும், எல்லாம் எழுதியிருக்கிறாய்" என்றார். "பெயரை விட்டால் மற்றதெல்லாம் சரி. இங்கே ஒருவரும் நீர் எலிக்காக இவ்வளவு நேரம் குந்தியிருந்ததில்லை."

"நானும் எலிக்காகக் குந்தவில்லை, சேர்."

அவர் முதன்முறையாகச் சிரித்தார். "எனக்குத் தெரியும். மிங்க் என்று உள்ள இடமெல்லாம் வெட்டி நீர் எலி என்று எழுது. பிறகு கடிதத்தைப் பார்ப்போம்."

பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாற்பது மிங்க்குகளை ஒரே பிற்பகலில் கொன்றேன். திருத்திய அறிக்கை கோப்புக்குள் போனது. கடிதம் வந்தது. அடுத்த நாள் தேநீர் மேசையடியில், "சேர், சீனி எங்கே இருக்கிறது?" என்று கேட்டேன். சீனிப் போத்தல் என் முன்னால்தான் இருந்தது. பழகுவதற்காகக் கேட்டேன்.

நான் கல்யாணம் கட்டிய முதல் வாரமே மலர் அக்கா என் மனைவியிடம் மிங்க் கதை முழுவதையும் ஒப்படைத்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதற்கும் உறுதியாக விளக்கம் சொல்ல முடியாது. வரைபடத்தில் உள்ள தெரு எதிரில் இல்லை, "பலகை பழசு, பெயர் மாத்தியிருப்பினம்" என்பேன். பக்கத்து ஆசனத்திலிருந்து பதில் வரும்: "ஓம், வால் நரைச்சிட்டுது. காரைத் திருப்புங்கோ."

இருபது வருடம் கழித்து ஒரு சனிக்கிழமை தொலைபேசி அடித்தது. மகள் எடுத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"டாட், யூனிவர்சிட்டியிலை இருந்து ஒரு ஸ்டூடன்ட். பழைய ஃபைல் ஒண்டிலை, பேஜ் இலெவன், டூங்காபி கிறீக்கிலை மிங்க் எண்டு இருக்காம். நீங்கள்தான் எழுதினதாம். இஸ் இட் ட்ரூ?"

அப்போதுதான் விளங்கியது. நான் வெட்டியது நாற்பது. எழுதியது நாற்பத்தொன்று.

நான் தொலைபேசியை வாங்கினேன். பதில் யோசிப்பதற்குள் குசினியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"உயிரோடைதான் இருக்குது எண்டு சொல்லுங்கோ. இப்ப முழுக்க நரைச்சிருக்கும்."